மூளைக்காயத்துக்குப் பிறகு எங்கே: மறுவாழ்வு மையமா, வீடா, போய்வரும் சிகிச்சையா?

அண்ணனை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய 9-ஆம் நாள், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஃபைலை மூடிக்கொண்டே கேட்டார். "இன்னும் ரெண்டு மூணு நாள்ல டிஸ்சார்ஜ் பண்ணிடலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல ரீஹேப் சென்டர் பார்க்குறீங்களா?" அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பைக்கிலிருந்து விழுந்த ராத்திரி முதல் எங்களிடம் இருந்தது ஒரே கேள்வி, பிழைப்பாரா என்பது. அதைத் தாண்டி யோசிக்க யாருக்கும் தெம்பில்லை. "வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம் தம்பி, நம்ம கண்ணு முன்னாடியே இருக்கட்டும்" என்றார் அண்ணி. நானும் சரி என்றேன்.

முடிவு தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன். அதை எடுத்த விதம் தப்பு. அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார், வீட்டில் யாரால் என்ன செய்ய முடியும் என்று எதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாடையிலிருந்து தப்பித்தால் போதும் என்று கிளம்பிவிட்டோம். 2 மாதம் கழித்து மையத்துக்குப் போனோம். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி, அப்புறம் போய்வரும் சிகிச்சைக்கு மாறினோம். மூன்றையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, வராந்தாவில் நின்று முழித்தவன்.

முதலில், காயம் எவ்வளவு பெரியது?

எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) என்று ஓர் எண் இருக்கும். கிளாஸ்கோவில் இருந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட அளவுகோல். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கைகால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது 7. அந்த 7-ஐப் பிடித்துக்கொண்டு ஜாதகம் பார்ப்பதுபோல் எல்லா டாக்டரிடமும் பலன் கேட்டோம். ஆனால் அது விபத்து நடந்த சமயத்து நிலையைச் சொல்லும் எண். அடுத்து எங்கே போவது என்ற முடிவுக்கு அதைவிட உபயோகமான தகவல் ஒன்று உண்டு: குழப்பம் எத்தனை நாள் நீடித்தது என்பது.

கண் திறந்து, பேச ஆரம்பித்த பிறகும், புதிதாக எதுவும் மனதில் ஒட்டாத ஒரு காலம் இருக்கும். அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் வந்த மாமாவோடு அரைமணி நேரம் சிரித்துப் பேசினார். மத்தியானம் "மாமா ஏண்டா என்னைப் பார்க்க வரவே இல்ல?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டோம். விபத்துக்குப் பிந்தைய மறதி என்று இதற்குப் பேர். ஒரு நாளைக்குள் தெளிந்தால் லேசான காயம், 1 முதல் 7 நாள் வரை நடுத்தரம், ஒரு வாரத்தைத் தாண்டினால் கடுமை என்று பொதுவாக வகை பிரிக்கிறார்கள். இதை அளக்க வெஸ்ட்மீட் என்று ஒரு சோதனை இருக்கிறது. தினமும் 12 கேள்விகள். இது எந்த இடம், என்ன கிழமை என்பது போன்றவற்றிலிருந்து, நேற்றுக் காட்டிய படங்கள் எவை, சோதித்தவர் பெயர் என்ன என்பது வரை போகும். தொடர்ந்து 3 நாள் பன்னிரண்டுக்கும் சரியான பதில் வந்தால்தான் மறதிக்காலம் முடிந்ததாகக் கணக்கு. அண்ணனுக்கு யாரும் அதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. நாங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தது இன்னும் குழப்பத்துக்குள்ளேயே இருந்த ஒரு மனிதரை.

முதல் வாரத்திலேயே அது தெரிந்துவிட்டது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கதவுத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினார். தனக்கு விபத்தே நடக்கவில்லை என்று சாதித்தார். தலையில் தையல் போட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினால், "அது சின்ன வயசுல விழுந்தது" என்பார். பொய் இல்லை. மூளை தன் குறையைத் தானே பார்க்க முடியாத நிலை அது. அதோடு வாதம் செய்து ஜெயித்தவர்கள் கிடையாது, எங்கள் வீட்டில் எல்லோரும் முயன்று பார்த்துவிட்டோம்.

ஆகவே என் முதல் கருத்து: குழப்பம் தீராதவரை, 24 மணி நேரமும் ஆள் மாற்றி ஆள் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லாத வீடு சரிப்படாது. பார்க்க நன்றாக இருக்கிறார், பேசுகிறார், நடக்கிறார் என்பதே இந்தக் கட்டத்தில் பெரிய ஆபத்து. நடக்க முடியாதவர் விழுவதற்கு இருக்கும் வாய்ப்பு குறைவு.

தங்கிப் பெறும் சிகிச்சை

நல்ல மையத்தில் கிடைப்பது கட்டில் இல்லை, கூட்டு வேலை. மறுவாழ்வு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (உடுத்துவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்), ஸ்பீச் தெரபிஸ்ட், உளவியலாளர், நர்ஸ் எல்லோரும் ஒரே நோயாளியைப் பற்றி வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார்ந்து பேசவேண்டும். பேசுகிறார்களா என்று கேளுங்கள். "ஆமாம், எல்லாரும் இருக்காங்க" என்பது இதற்குப் பதிலாகாது.

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விழுங்குவதைச் சோதிப்பதும் அவர்கள் வேலைதான். மூளைக்காயம் பட்டவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் சில சமயம் இருமல் வராது. சத்தமில்லாமல் நுரையீரலில் சளி கட்டி நிமோனியாவில் போய் முடியும். சாப்பாட்டுக்குப் போட்ட மூக்குக்குழாயை எடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், விழுங்கிப் பார்க்கும் சோதனை நடந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, பயிற்சி எவ்வளவு நேரம். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உள்நோயாளி மறுவாழ்வுக்கு வைத்திருக்கும் வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். காலையில் 40 நிமிடம் பிசியோ, மீதி நேரம் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்ப்பது என்றால் அது மையம் இல்லை, வாடகை அறை.

எங்கள் மையத்தில் நான் மறக்காத காட்சி ஒன்று. அண்ணனுக்கு வலது கை பலவீனம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு பெண், வயது இருபத்தைந்து இருக்கும். சட்டையைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். 5 பொத்தான்கள். முதல் பொத்தானை ஓட்டைக்குள் தள்ளவே 6 நிமிடம் ஆனது. பாதியில் விரல் வழுக்கும், பொத்தான் திரும்பிக்கொள்ளும், அண்ணன் பல்லைக் கடிப்பார். அந்தப் பெண் இரண்டு கையையும் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். "இல்லன்னா என் கை தானா போயிடும் சார்" என்றார். மூன்றாவது பொத்தானில் மட்டும், விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஒரே ஒரு வாக்கியம். மொத்தம் 22 நிமிடம். வீட்டில் இருந்த 2 மாதமும் அந்தச் சட்டையைத் தினமும் அண்ணிதான் போட்டுவிட்டார், அரை நிமிடத்தில். அன்பாகத்தான்.

செய்யச் செய்யத்தான் மூளையில் புதுத் தடம் விழுகிறது என்பது இன்றைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். யாரோ செய்துவிட்டால் தடம் அவருடைய மூளையில் விழாது.

சரி, இப்போது மையத்தின் குறை. அங்கே படித்த பாடம் எப்போதும் வீட்டுக்குக் கூடவே வராது. அண்ணன் மையத்துக் குளியலறையில் கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, உட்கார்ந்து, எழுந்து, எல்லாவற்றையும் தனியாகச் செய்தார். வீட்டுக்கு வந்த முதல் நாள் குளியலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் கதவுக் கைப்பிடி இடது பக்கம். பிடிக்கக் கம்பியும் இல்லை. நினைவாற்றலும் யோசித்துத் திட்டமிடும் திறனும் அடிபட்டவர்களுக்கு, ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குப் பொருத்திக்கொள்வதே தனிப் பெரிய வேலை. நமக்கு அது வேலை என்றே தெரியாது. அதனால்தான் நல்ல மையங்கள் டிஸ்சார்ஜுக்கு முன்னால் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புகின்றன, அல்லது வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பிச் சோதனை பார்க்கின்றன. எங்கள் மையம் இரண்டையும் செய்யவில்லை.

மையம் பெரிதா, வீடு பெரிதா என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு. அதில் நல்ல ஒன்று அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் மருத்துவமனையில் நடந்தது, 2000-இல் வெளியானது. நடுத்தர, கடுமையான தலைக்காயம் பட்ட 120 ராணுவத்தினரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 8 வாரம் ஆஸ்பத்திரியில் தங்கி முழுநேரப் பயிற்சி. மற்றதற்கு வீட்டிலேயே செய்யவேண்டிய பயிற்சியும், வாரம் ஒருமுறை நர்ஸின் தொலைபேசி அழைப்பும். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் வேலைக்குத் திரும்பியவர்கள் ஆஸ்பத்திரிப் பிரிவில் 90 சதவீதம், வீட்டுப் பிரிவில் 94 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால் விபத்தின்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவிழந்து கிடந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, ராணுவப் பணிக்குத் தகுதி பெற்றவர்கள் ஆஸ்பத்திரிப் பிரிவில் 80 சதவீதம், வீட்டுப் பிரிவில் 58 சதவீதம்.

இதை அப்படியே நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் இளைஞர்கள், உடல் உறுதியானவர்கள், காத்திருக்கும் வேலை உள்ளவர்கள். நினைவிழந்தவர்களைத் தனியாகப் பிரித்தது சின்னக் கணக்கு, 75 பேர்தான். ஆனாலும் எனக்கு இது சொல்வது தெளிவாக இருக்கிறது: காயம் பெரிதாக இருந்தால் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு எடை கூடுகிறது. அவ்வளவு பெரிதில்லை, நடக்கிறார், நாள் கிழமை தெரிகிறது, சொன்னதைக் கேட்கிறார் என்றால், ஒழுங்காக நடத்தப்படும் வீட்டுப் பயிற்சி எந்த வகையிலும் மட்டமில்லை. ஒழுங்காக நடத்தப்படும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் வீட்டுக்கு அனுப்பியவர்களைச் சும்மா அனுப்பிவிடவில்லை.

வீடு

வீட்டின் பலம் அது நிஜம் என்பது. எங்கே வாழப்போகிறாரோ அங்கேயே பயிற்சி. படி அதே படி, பூட்டு அதே பூட்டு, கோபம் வந்தால் கோபப்படும் ஆள்களும் அதே ஆள்கள். ஒரு நாளின் ஒழுங்கு மட்டும் இருந்துவிட்டால் வீட்டைப்போல் ஓர் இடம் இல்லை.

ஒழுங்கு என்றதும் ஃபினியஸ் கேஜ் ஞாபகம் வருகிறார். 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில்பாதைக்குப் பாறை உடைக்கும்போது வெடித்து, இரும்புக்கம்பி கன்னம் வழியாக ஏறி மண்டையைத் துளைத்து வெளியே போன மனிதர். குணமே மாறிவிட்டது, "பழைய கேஜ் இல்லை" என்பதோடு அவர் கதையைப் பலரும் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். விடிகாலையில் எழுந்து, குதிரைகளைத் தயார்செய்து, பயணிகளை ஏற்றி, அதே பாதையில் போய்வரும் வேலை. அந்த மாறாத தினசரி ஒழுங்குதான் அவரை மீட்டிருக்கும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மையமும் இல்லை, தெரபிஸ்ட்டும் இல்லை, குதிரைகள் இருந்தன.

எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை வந்தபோது சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். எழுந்திருப்பது, பல் தேய்ப்பது, மாத்திரை, கைப்பயிற்சி, தூக்கம், நடை என்று நேரத்தோடு எழுதி, முடிந்ததை அவரே அடிக்கவேண்டும். நடுவில் ஓய்வையும் எழுதினோம். மூளைக்காயத்துச் சோர்வு சாதாரணக் களைப்பு இல்லை. பத்து நிமிடம் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுவதைக் கேட்டால் அண்ணன் முகம் வெளுத்துவிடும். பார்க்க வரும் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக, கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லவேண்டியிருந்தது. சிலர் வருத்தப்பட்டார்கள். பரவாயில்லை.

வீட்டின் பலவீனம் பார்த்துக்கொள்பவர் தேய்ந்துபோவது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடுமையான தலைக்காயம் பட்டவர்களின் குடும்பங்களைக் கிளாஸ்கோவில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகள் 1986-இல் வெளிவந்தன. ஓராண்டு முடிவில் இருந்ததைவிட 5 ஆண்டு முடிவில் குடும்பத்தின் பாரம் கூடியிருந்தது. பாரத்துக்குக் காரணம் கைகால் ஊனம் என்பதைவிட குணமாற்றம்தான் என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. தூக்கி உட்காரவைப்பதை அண்ணி ஒருநாளும் கஷ்டம் என்று சொன்னதில்லை. "என்கிட்ட மட்டும் ஏன் இப்படி எரிஞ்சு விழுறார் தம்பி?" என்றுதான் அழுதார்.

ஆகவே வீடு என்று முடிவெடுக்கும்போது, முதல் மாதம் யார் பார்ப்பார் என்று கேட்காதீர்கள். முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். எட்டாவது மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம் யார் இருப்பார்? அந்தப் பதில் ஒரே ஒருவரின் பெயராக இருந்தால், ஹோம் நர்ஸோ பகல் சிகிச்சையோ கூடச் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

போய்வரும் சிகிச்சை

இரண்டுக்கும் நடுவில் இருப்பது இது. காலையில் போய் சாயங்காலம் திரும்புவது, அல்லது வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம். அண்ணனுக்குக் கடைசியில் ஒத்துவந்தது இதுதான். அங்கே சொல்லிக்கொடுப்பதை அன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம், வீட்டில் இடறியதை மறுநாள் அங்கே கேட்கலாம். குளியலறைக் கைப்பிடியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். பழையபடி வலது கையையே நீட்டாமல் இடது கையால் திறந்து பழக, 4 நாள் பயிற்சியில் வந்துவிட்டது.

பகல் மையங்களில் இன்னொரு லாபம், மற்ற நோயாளிகள். நாங்கள் சொன்னால் ஏற்காத குறையை, எதிரில் இருந்த இன்னொருவர் "எனக்கும் அப்படித்தான், எனக்கும் தெரியவே இல்ல" என்றபோது அண்ணன் முதல்முறையாகத் தலையாட்டினார். நான் வருடக் கணக்கில் வாதாடினாலும் அது நடந்திருக்காது.

போக்குவரத்துதான் இதன் முட்டுக்கட்டை. ஒரு மணி நேரப் பயணம் என்றால் போய்ச்சேரும்போதே அவருக்குத் தெம்பு தீர்ந்திருக்கும். அப்புறம் எந்தப் பயிற்சியும் ஏறாது. தூரம் அதிகமானால் வாரத்தில் ஒருநாள் நேரில், மற்ற நாள் வீடியோ அழைப்பில் என்று பிரித்துக்கொள்ளலாம். பேச்சு, நினைவுப் பயிற்சிகளுக்கு வீடியோ நன்றாகவே ஒத்துவருகிறது. விறைத்த காலை நீட்டிவிடுவதற்கு ஆகாது.

கண் திறந்தும் விழிக்காதவர்கள்

எங்கள் மையத்தில் பக்கத்து அறையில் இருந்த பையனுக்கு வேறு கணக்கு. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. அவன் அம்மா தினமும் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று தெரியும்: இந்த நிலையில் உள்ளவர்களை "இனி ஒன்றும் இல்லை" என்று சீக்கிரம் மூடிவிடக்கூடாது. விபத்தால் வந்த காயமென்றால் ஒரு வருடம் தாண்டியும் சிலர் விழிக்கிறார்கள். "நிரந்தரம்" என்ற சொல்லையே அமெரிக்க நரம்பியல் கழகம் 2018 வழிகாட்டுதலில் கைவிட்டு, "நாள்பட்ட" என்று மாற்றியது. 184 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அமன்டடின் என்ற மருந்தும் மற்றதற்குப் போலி மருந்தும் 4 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மருந்து கொடுத்த நாள்களில் முன்னேற்றம் வேகமாக இருந்தது. நிறுத்திய பிறகு அந்த வேகம் குறைந்தது. அதிசய மருந்து இல்லை, ஆனால் டாக்டரிடம் கேட்டுப்பார்க்கத் தகுந்த மருந்து. இந்தக் கட்டத்தில் இடத்தைத் தேர்வுசெய்யும் அளவுகோலே வேறு: படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுகிறார்களா, மூட்டு இறுகாமல் பார்க்கிறார்களா, மூச்சுவிடுவதற்காகப் போட்ட தொண்டைத் துளையைச் சுத்தமாக வைக்கத் தெரிந்த நர்ஸ் ராத்திரியிலும் இருக்கிறாரா. சுவரில் என்ன மெஷின் நிற்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

திரும்பக் கொண்டுவருவதா, மாற்றுவழி பிடிப்பதா

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் அதற்குள்ளே இன்னொரு தேர்வு ஒளிந்திருக்கிறது. போன திறனைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுவதா, அது இல்லாமலே வாழ வழி செய்வதா? பலவீனமான கை என்றால் முதலாவதற்குப் பலன் அதிகம். நினைவாற்றல் என்றால் நான் இரண்டாவது கட்சி.

மூளைக்குப் பயிற்சி என்று விற்கப்படும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை அண்ணன் 5 மாதம் ஆடினார். அந்த விளையாட்டுகளில் கெட்டிக்காரர் ஆனார். மாத்திரை போட்டாரா இல்லையா என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. ஆய்வுகள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: ஆடிய ஆட்டத்தில் முன்னேற்றம் வரும், அன்றாட வாழ்க்கைக்கு அது அவ்வளவாக நகராது. மாறாக, பிரிட்டனில் பார்பரா வில்சன் குழு 143 பேருக்குப் பேஜர் கொடுத்துப் பார்த்தது. "மாத்திரை", "கதவைப் பூட்டு" என்று உரிய நேரத்தில் செய்தி வரும், அவ்வளவுதான். 16 வார ஆய்வை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பேஜர் இருந்தபோது தங்கள் வேலைகளை நன்றாகச் செய்தார்கள். 2001-இல் வெளியான ஆய்வு. இன்றைக்குப் பேஜர் எதற்கு, எல்லோர் கையிலும் அலாரம் இருக்கிறது.

"போனைப் பழக்கிட்டா மூளை சோம்பேறி ஆயிடும்" என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் எதிர்த்தார்கள். கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகுமா என்று கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை. அலாரம் அடித்து அவர் தானே மாத்திரை போட்டதைப் பார்த்த பிறகுதான் அடங்கினார்கள்.

லேசான அடி என்றால்

ஸ்கேன் சுத்தம், ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் தலைவலி, எரிச்சல், வெளிச்சம் கூசுகிறது. இவர்களுக்கு மையம் தேவையில்லை. ஓய்வா, நடமாட்டமா என்பதே கேள்வி. இருட்டறையில் ஒரு வாரம் படுக்கவைப்பது பழைய முறை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 11 முதல் 22 வயது வரையானவர்களில் 5 நாள் கண்டிப்பான ஓய்வில் வைக்கப்பட்டவர்கள்தான், ஓரிரு நாளில் மெல்ல நடமாடத் தொடங்கியவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அப்புறம் தொந்தரவு கூடாத அளவுக்குப் படிப்படியாக நடமாட்டம். ஆனால் தலைவலி நாளுக்கு நாள் ஏறினாலோ, வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். வயதானவர்களுக்கு, சின்ன அடி பட்டுச் சில வாரம் கழித்துக்கூட மூளை உறைக்கு அடியில் ரத்தம் தேங்கித் தடுமாற்றம் வரலாம்.

கிளம்பும் முன் கேட்கவேண்டியவை

வலிப்பு மாத்திரையில் எங்களுக்கு ஒரு பாடம். ஃபெனிடோயின் போன்ற மருந்து முதல் வாரத்தில் வரும் வலிப்பைக் குறைக்கிறது. பின்னாளில் வரும் வலிப்பைத் தடுப்பதில்லை என்று 1990-லேயே காட்டியிருக்கிறார்கள். அதனால் வலிப்பே வராதவருக்குப் பொதுவாக 7 நாளோடு நிறுத்துவது வழக்கம். அண்ணனுக்கு வலிப்பு வந்ததே இல்லை. சீட்டில் தேதி போடாமல் விட்டுவிட்டார்கள். நாங்கள் 5 மாதம் கொடுத்தோம். அவருடைய மந்தத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் ஒவ்வொரு மாத்திரைக்கும் "இது எதுவரைக்கும்?" என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் தூக்க மாத்திரைகளைப் பற்றியும் கேளுங்கள். சில வகை மருந்துகள் மூளை தேறுவதையே மெதுவாக்கக்கூடும்.

வீக்கத்துக்காக மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்திருந்தால், அது எங்கே இருக்கிறது, எப்போது திரும்ப வைப்பார்கள் என்பதும் திட்டத்தில் வரவேண்டும். சிலருக்கு அதைக் குளிர்பெட்டியில் வைப்பார்கள், சிலருக்கு வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். அதுவரை அந்தப் பக்கத்தில் வெறும் தோல்தான். எழுந்து நடக்கும்போதெல்லாம் ஹெல்மெட் வேண்டும். அந்த மாதிரி நோயாளியைப் பழக்கமில்லாத மையத்தில் விடாதீர்கள்.

அப்புறம், வாட்ஸப்பில் வரும் சிகிச்சைகள். ஸ்டெம் செல் ஊசியை எங்களுக்கும் ஒருவர் பரிந்துரைத்தார். மூளைக்காயத்துக்கு அது இன்னும் ஆய்வுக்கூட விஷயம்தான். கூடுதல் காற்றழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசிக்கவைக்கும் அழுத்த ஆக்சிஜன் அறையை அமெரிக்க ராணுவம் தலையதிர்ச்சி பட்ட வீரர்களிடம் சோதித்தபோது, போலி அறையில் உட்கார்ந்தவர்களைவிட நிஜ அறையில் உட்கார்ந்தவர்கள் தேறிவிடவில்லை. அந்தப் பணத்தை ஒரு நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்குக் கொடுங்கள்.

இன்றைக்கு மறுபடி அந்த வராந்தாவில் நின்றால் நான் எடுக்கும் வரிசை இது: குழப்பம் தெளியும்வரையும் அதற்குப் பின் சில வாரமும் மையம், வார இறுதிகளில் வீட்டுக்கு வந்து ஒத்திகை, பிறகு வீடும் பகல் சிகிச்சையும் சேர்ந்து நீண்டகாலத்துக்கு. முதல் 6 மாதம்தான் வேகமான காலம் என்பது உண்மை. ஆனால் அண்ணன் ஒரு கையால் பூட்டைத் திறக்கப் பழகியது மூன்றாம் வருடத்தில்.

இப்போது அவர் பாதி நாள் வேலைக்குப் போகிறார், பஸ்ஸில். மாதம் ஒருமுறை பைக் சாவியைக் கேட்கிறார். பார்வைப் பரப்பு, எதிர்வினை வேகம், கவனம் மூன்றையும் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோதனை அடுத்த மாதம். அதுவரை சாவி அண்ணியின் கைப்பையில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் எடுத்துத் துடைத்து, அங்கேயே திரும்ப வைத்திருக்கிறார்.